பகலில் படுப்பவர்

கட்டில் சூடாக இருந்தது.

ஓசூருக்கு வந்து இறங்கிய மாலை, பெட்டிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுக் கொஞ்சம் முதுகைச் சாய்க்கலாம் என்று படுத்தபோது தெரிந்தது. மேலே சிமென்ட் ஷீட் கூரை. பகல் வெயில் இறங்கியிருக்கும் என்று எனக்கு நானே விஞ்ஞான விளக்கம் கொடுத்துக்கொண்டேன். ஆனால் தை மாத ஓசூரில் வெயிலுக்கு அவ்வளவு திறமை கிடையாது. தவிர, சூடு கட்டில் முழுக்க இல்லை. ஓர் ஆள் இடது பக்கம் ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுத்தால் எவ்வளவு இடம் பிடிப்பானோ அந்த அளவுக்குத்தான் இருந்தது. ஓரங்களெல்லாம் ஜில்லென்று கிடந்தன. எழுந்து பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டேன். ஐம்பத்திரண்டு வயதில் படிக்கப் போனால் இப்படித்தான் ஆகும் என்று என் மனைவி விமான நிலையத்தில் சொல்லவில்லை. ஆனால் அவள் முகம் சொன்னது.

நான் ஈப்போக்காரன். மலேசியாவில் ஒரு தொழிற்பயிற்சிக் கூடத்தில் லேத் மெஷின்களோடு காலம் தள்ளியவன். பட்டம் இல்லாமல் இனிப் பதவி உயர்வு இல்லை என்று மேலிடம் அறிவித்ததால் பிள்ளைகளோடு பிள்ளையாகக் கல்லூரியில் சேர்ந்தேன். அந்தப் படிப்பில் ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் பரிமாற்ற மாணவனாக இருந்தே ஆகவேண்டும். சுறுசுறுப்பானவர்கள் கொரியாவையும் ஜெர்மனியையும் எடுத்துக்கொண்டார்கள். நான் மின்னஞ்சலைத் திறந்து பார்த்தபோது ஓசூர் மட்டும் மிச்சமிருந்தது. இங்கே எல்லோரும், தாத்தாவின் ஊரைத் தேடி வந்தீர்களா என்று கனிவோடு கேட்கிறார்கள். என் தாத்தா நாகப்பட்டினத்துக்காரர். அவருக்கே அந்த ஊரைத் தேடும் எண்ணம் இருந்ததில்லை. நான் பாஸாக வந்தேன்.

கல்லூரி விடுதியில் இடமில்லை என்றார்கள். வார்டன் என் மூத்த மகனைவிட இளையவர், மரியாதை தெரிந்தவர். விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்றார். இருவரும் காலமாகிவிட்டார்கள் என்றேன். வருத்தம் தெரிவித்துவிட்டு, அப்படியானால் லோக்கல் கார்டியன் யார் என்று கேட்டார். வகுப்பில் நான் நுழைந்ததும் எல்லோரும் எழுந்து குட் மார்னிங் சொன்னார்கள். நான் நேராகக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தபோது அந்த அறையில் இறங்கிய அமைதியை விவரிக்க எனக்குத் திறமை போதாது. மறுநாளிலிருந்து நான் 'அங்கிள்'.

கட்டில் சூட்டுக்கு விளக்கம் கிடைத்தது வீட்டுக்கார அம்மா முனிரத்னம்மாவிடம். சிப்காட் தொழிற்பேட்டை பக்கத்தில் 'லைன்' என்று வரிசையாக ஒற்றை அறைகளைக் கட்டி, பல ஊர் ஜனங்களை வாடகைக்கு வைத்திருப்பவர். வாடகையைத் தமிழில் பேசுவார், குழாயை மூடாதவர்களைக் கன்னடத்தில் திட்டுவார், ஃபோனில் தங்கையோடு தெலுங்கில் அழுவார். நான் கேட்டதற்கு என்னைத்தான் விநோதமாகப் பார்த்தார்.

"ஷிப்ட்டு கட்டிலு சார் அது. பகல்ல மாதேஷ் படுப்பான், ராத்திரிக்கு நீங்க. அவன் எப்பவும் நைட் டூட்டிதான். நீங்க காலேஜுக்குப் போனப்புறம் வருவான், நீங்க வர்றதுக்குள்ள கம்பெனி பஸ் ஏறிருவான். மூஞ்சியே பாத்துக்க வேண்டியதில்ல."

இந்த வட்டாரத்தில் இது சாதாரண ஏற்பாடு என்று தெரிந்தது. இதற்கென்று ஒரு வழக்கமும் இருக்கிறது. எழுந்து போகிறவர் போர்வையை மடித்துவைத்து, தலையணையைச் சுவரில் நிமிர்த்திச் சாய்த்துவிட்டுப் போகவேண்டும். தலையணை நின்றால் கட்டில் காலி. படுத்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறார், தொந்தரவு செய்யாதே. காலையில் தலையணையை நிறுத்திவிட்டுப் போவேன். மாலையில் வந்து பார்த்தால் அது வேறொரு சாய்வில் நின்றுகொண்டிருக்கும். அவ்வளவுதான் எனக்கும் மாதேஷுக்கும் அறிமுகம்.

இரண்டாம் வாரம் கட்டிலடியில் ஒரு தட்டு இருந்தது. மேலே மூடி, உள்ளே கேழ்வரகுக் களி உருண்டையும் கீரை மசியலும். மாதேஷ் எனக்காக வைத்துவிட்டுப் போனதுதான். நான் முற்றத்தில் உட்கார்ந்து களியைப் பக்தியோடு மென்றுகொண்டிருந்தேன். பக்கத்து அறை செல்வி பார்த்துவிட்டார். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், ஃபோன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. அவர் கணவருக்கு வேறு ஷிப்ட் என்பதால் இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கணவன் மனைவி.

"என்ன அண்ணாச்சி, சூயிங்கம்மா திங்கிய? அத மெல்லப்புடாது, முழுங்கணும்லா."

முழுங்கினேன். ஈப்போவில் காலை வேளையில் ரொட்டி சானாய் என்கிற பரோட்டாவைப் பிய்த்துத் தின்றே வளர்ந்த தொண்டை அது. கொஞ்சம் திகைத்துவிட்டு வழிவிட்டது. மறுநாள் பதில் மரியாதையாக, ஊரிலிருந்து கொண்டுவந்த வெள்ளைக் காப்பிப் பொட்டலம் ஒன்றைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனேன். மாலையில் பொட்டலம் இல்லை. தம்ளர் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. என் நீண்ட இல்லறத்தில் இவ்வளவு சண்டையில்லாத குடித்தனத்தை நான் நடத்தியதில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். சில மாலைகளில் நான் கதவைத் திறக்கும்போது, கொடிக் கயிற்றில் அவருடைய துண்டு ஆடிக்கொண்டிருக்கும். அறையில் காற்று வர வழியே கிடையாது. ஜன்னல் என்று முனிரத்னம்மா சொல்வது சுவரில் ஒரு நம்பிக்கை. சற்று முன்புதான் போயிருப்பார் என்று புத்தி சொல்லும். வாசலில் நின்று தெருவைப் பார்ப்பேன். கம்பெனி பஸ்ஸின் பின்பக்கம்கூடத் தென்படாது. மாதேஷ் என்று ஒருவர் உண்மையிலேயே இருக்கிறாரா, இல்லை அந்த வெதுவெதுப்பே ஒரு பெயர் வைத்துக்கொண்டு வாடகை கொடுக்கிறதா என்று ஒரு நாள் செல்வியிடம் கேட்டேன்.

செல்வி சிரிக்கவில்லை. "அவிய பாவம் அண்ணாச்சி. அஞ்சாறு வருசமா காண்ட்ராக்ட்லயே கெடக்காவ. தேருக்குள்ள கம்பெனி ரோல்ல பெர்மனென்டா ஏத்திருவாங்கன்னு பேச்சு. இந்த நேரத்துல ஒரு நாளு போவலன்னாலும் காண்ட்ராக்டர் பேர அடிச்சிருவான்."

அன்று முதல், மார்ச் மாதத் தேர்த் திருவிழா வரைக்கும் அந்த மனிதருக்குக் காய்ச்சல் எதுவும் வந்துவிடக் கூடாதே என்று, முகம் தெரியாத ஒருவருக்காக நான் கவலைப்பட ஆரம்பித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாதேஷ் பைக்கில் மத்தூருக்கு, சொந்த வீட்டுக்குப் போய்விடுவார். அன்று கட்டில் முழுக்க எனக்கு, முழுக்க ஜில்லென்று. அப்படியொரு ஞாயிறு செல்வியும் கணவரும் என்னைக் கெலவரப்பள்ளி அணைக்கு அழைத்துப்போனார்கள். அணைக்குக் கீழே தென்பெண்ணையில் தண்ணீரைக் காணோம். வெள்ளை வெளேரென்று ஆலைக் கழிவு பொங்கிய நுரைதான், கரைக்குக் கரை, ஆள் உயரத்துக்கு. காற்றடித்தால் துண்டு துண்டாகப் பிய்ந்து, சத்தமே இல்லாமல் ரோட்டைக் கடந்து தக்காளித் தோட்டத்துக்குள் போகிறது. ஒரு பசு அந்த நுரைக்குள் நடந்து போய் மறைந்தது. மேய்த்துக்கொண்டிருந்தவர் கவலைப்படாமல் பீடி பற்றவைத்தார். வெகுநேரம் கழித்து வேறெங்கோ ஓரிடத்தில் மாடு வெளியே வந்து, ஒன்றும் நடக்காததுபோல் புல் தின்றது. செல்வி ஃபோனில் படம் எடுத்தார். படத்தில் எங்கள் மூவரின் கால்களும் இல்லை, நுரை விழுங்கியிருந்தது.

மறுநாள் திங்கட்கிழமைக் காலை, கிருஷ்ணகிரி ரோட்டில் கல்லூரிக்குப் போகும் பஸ் சானமாவு பக்கம் வந்ததும் நின்றது. ஒரே பனி. டிரைவர் இன்ஜினை அணைத்தார். அதுவரை மூன்று மொழிகளில் இரைந்துகொண்டிருந்த பஸ், ஒரு மொழியும் இல்லாததாக ஆனது. ஒரு கைக்குழந்தைகூட வாயைத் திறக்கவில்லை. ரோட்டின் நடுவில் வனக்காவலர் ஒருவர் கையை உயர்த்தியபடி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பனிக்குள்ளிருந்து மரக்கிளை முறியும் சத்தம். பிறகு ஈரச் சாக்கு நாற்றம்போல ஒன்று. பிறகு, எதுவோ மிகப் பெரியது மூச்சு விடும் சத்தம், ஜன்னலுக்கு வெகு பக்கத்தில். நான் யானையைப் பார்க்கவில்லை. அந்த பஸ்ஸில் யாருமே பார்க்கவில்லை. காவலர் கையை இறக்கினார், இன்ஜின் உறுமியது, என் முன்சீட்டுப் பெண்கள் கன்னடத்தில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். விடியற்காலையில் யாரோ பைக்கில் வந்து இதே இடத்தில் விழுந்துவிட்டானாம், யானை அவனை மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டதாம் என்று ஒருத்தி சொல்ல, மற்றவள், அப்படியென்றால் அவனுக்கு ஆயுசு கெட்டி என்றாள். எனக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது.

அன்று மாலை கட்டில் ஜில்லென்று இருந்தது. தலையணை, காலையில் நான் நிறுத்திய அதே கோணத்தில் நின்றுகொண்டிருந்தது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். முனிரத்னம்மாவைக் கேட்டேன். வருவான் சார் என்று சொல்லிவிட்டுக் குழாயைப் பார்க்கப் போய்விட்டார். குழாய் மூடித்தான் இருந்தது.

அந்த வாரக் கடைசியில் கட்டில் மறுபடி சூடானது. நிம்மதியாகப் படுத்தேன், படுத்த வேகத்தில் எழுந்தேன். சூடு வலது பக்கத்தில் இருந்தது. தலைமாட்டுப் பக்கம் கால், கால்மாட்டுப் பக்கம் தலை. தம்ளர் கழுவாமல் கிடந்தது, அடியில் என் காப்பி பாதி அப்படியே. தலையணையில் தேங்காய் எண்ணெய் வாசனைக்குப் பதிலாக ஏதோ கிரீம் வாசனை. வாசலில் மாதேஷின் பைக் நின்றது; முன் மட்கார்டு புதிதாக நசுங்கியிருந்தது, ஹெட்லைட் வளையத்துக்குள் ஒரு புல் சிக்கியிருந்தது.

"மாதேஷ் அண்ணன் வந்துட்டாவளே, பைக் நிக்குதுலா" என்றார் செல்வி. என் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்.

நான் வாழ்க்கையில் முதல்முறையாக வகுப்பைக் கட் அடித்தேன், ஐம்பத்திரண்டு வயதில். நடுப்பகலில் திரும்பி வந்தேன். லைன் முழுக்க ஆள் அரவமே இல்லை. ஷிப்ட் ஊர்களில் பகல் பன்னிரண்டு மணிக்கு இருக்கும் அமைதி எங்கள் ஊர்ச் சீனர் இடுகாட்டில்கூட இருக்காது. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் யாரோ தூங்குகிறார்கள், வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கிறது. என் அறைக் கதவைத் தள்ளினேன். தலையணை படுத்திருந்தது. கட்டிலில் ஒரு மனிதர், சுவரைப் பார்த்து, வலது பக்கமாக.

அந்த நொடியில்தான் என் துப்பறியும் திட்டத்திலிருந்த ஓட்டை எனக்கே உறைத்தது. இவர் மாதேஷ்தானா என்று சொல்லக்கூடிய நிலையில் நான் இல்லை. மாதேஷை நான் பார்த்ததே கிடையாது.

அவர் விழித்துக்கொண்டார். இருபத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடே தூங்கியிருந்தார். அதிலிருந்த படம் அவரைப் போலத்தான் இருந்தது, கொஞ்சம் காலம் கடந்த அவரைப்போல.

"மாதேஷா?" என்றேன்.

"ஆமா சார்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். "தம்பி சார். முருகேஷ்."

அண்ணன் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் கிடந்தார். தொடை எலும்பு இரண்டாக. பனியில் யானையைக் கண்டு பிரேக் அடித்துப் பள்ளத்தில் போனவர், அசையாமல் செத்தவனைப்போல் கிடந்து பிழைத்திருக்கிறார். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே தம்பியிடம் அட்டையைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார். இரண்டு நாள் காய்ச்சல் என்று காண்ட்ராக்டரிடம் கெஞ்சிச் சமாளித்துவிட்டு, தம்பி மத்தூரில் மாந்தோப்பு வேலையைப் போட்டுவிட்டு அண்ணனாக வந்து, அண்ணனுடைய மெஷினில் நின்று, அண்ணனுடைய கட்டிலில் படுத்திருக்கிறார். இதுவும் இங்கே புதிதில்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஒரு பெயரைக் காலியாக விடக் கூடாது. விட்டால் வேறு யாராவது ஏறிக்கொள்வார்கள். லைன் முழுக்க எல்லோருக்கும் விஷயம் தெரியும், எல்லோரும் அவரை மாதேஷ் என்றே கூப்பிட்டார்கள். லைனில் ஏமாற்றவேண்டியிருந்த ஒரே ஆள் நான். மாதேஷைப் பார்த்தே இராத நானும் ஏமாறவில்லை.

தேர் வரைக்கும் வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். நான் யாரிடம் சொல்வேன், எனக்கு லோக்கல் கார்டியன்கூடக் கிடையாது என்றேன். அவருக்கு நகைச்சுவை புரியவில்லை. எனக்கும் அப்போது சிரிப்பு வரவில்லை.

மாசிக் குளிரில் எனக்குத்தான் காய்ச்சல் வந்தது. முருகேஷ் அன்று வேலை முடிந்து நேராகக் கிருஷ்ணகிரிக்கு அண்ணனைப் பார்க்கப் போய்விட்டார். பகலில் கட்டில் எனக்குக் கிடைத்தது. போர்வையைத் தலைவரைக்கும் இழுத்து, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோது வெளியே பைக் வந்து நின்றது. சாவிக்கொத்துக் குலுங்கும் சத்தம், ஓர் ஆணின் குரல். காண்ட்ராக்டரின் ஆள். மாதேஷ் கொஞ்ச நாளாக வேலையில் மந்தம், ஆளே வேறு என்று யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள், பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்றான்.

"ஆளு வேறயா? இதோ தூங்கறான், பாத்துக்க" என்றார் முனிரத்னம்மா. கதவு திறந்தது.

என் தலை நரைத்த தலை. என் தமிழ் ஈப்போத் தமிழ். இரண்டில் எது வெளியே தெரிந்தாலும் மாதேஷின் ஐந்தாறு வருடம் அந்த வாசற்படியிலேயே முடிந்துவிடும். போர்வைக்குள் என் மூச்சுச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. செருப்புச் சத்தம் கட்டிலருகே வந்து நின்றது.

"மாதேஷ்."

"ம்" என்றேன்.

"கொஞ்சம் திரும்புப்பா."

"ஜொரம்பா அவனுக்கு. வாந்தி வேற. கிட்டப் போனா ஒட்டிக்கும், அப்புறம் என்னச் சொல்லாத" என்றார் முனிரத்னம்மா. செருப்புகள் பின்வாங்கின. ராத்திரி டூட்டிக்கு வந்துவிடவேண்டும் என்று வாசலிலிருந்து சொன்னான். அதற்கும் "ம்" என்றேன்.

பைக் போய்விட்டது. நான் திரும்பாமலே கிடந்தேன். எனக்கிருந்த பயம் பிடிபடுவதைப் பற்றியது அல்ல. அவன் கூப்பிட்டபோது நான் யோசித்துப் பதில் சொல்லவில்லை. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் திரும்புவதுபோல், அது தானாக வந்தது. சாயங்காலம் மனைவி ஃபோனில் என் பெயரைச் சொன்னபோதுதான் அது யாரென்று ஒரு கணம் யோசித்தேன். காய்ச்சலில் அப்படி ஆகும் என்றாள்.

பிறகு ஒரு மாலை. அறைக்கு வந்தால் முருகேஷ் வேலைக்குக் கிளம்பாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"கார்டெல்லாம் திருப்பி வாங்கிக்கிட்டாங்க சார். இனிமே கேட்ல மிஷின்ல மூஞ்சியக் காட்டித்தான் அட்டெண்டன்ஸாம். மூஞ்சியப் பதியறதுக்கு வரிசையா அது முன்னாடி நிக்கச் சொன்னாங்க. நிக்காட்டி அன்னிக்கே பேரு போயிருக்கும்." கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நின்னுட்டன். பச்ச லைட்டு எரிஞ்சிச்சு. நன்றி மாதேஷ்னு ஒரு பொம்பள கொரலு."

அண்ணனுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"சொன்னன் சார். அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிச்சு."

ஹாரன் மறுபடி அடித்தது. அவர் எழுந்து, தலையணையை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடினார்.

தேர் ஓடிய வாரத்தில் கம்பெனி அறிவிப்புப் பலகையில் பெயர் வந்தது. மாதேஷ் நிரந்தரமானார். முனிரத்னம்மா லைன் முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். முருகேஷ் தம் பங்கை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். இனிமேல் அண்ணனுக்குக் கால் கூடிவிட்டாலும், அந்த வாசலில் போய் நின்றால் மிஷினுக்கு அவர் யாரோ ஒருவர். அதை லைனில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. செல்வி மட்டும், பேரு பொழைச்சிட்டு அண்ணாச்சி என்றார்.

என் கடைசிப் பரீட்சை முடிந்த பிற்பகல், பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. முப்பது வயதுக்காரர், அக்குளில் ஊன்றுகோல், கையில் ஒரு பை மாங்காய். அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். எது எங்கே இருக்கிறதென்று தேடாத கண்கள். வந்த புதிதில் நான் கட்டிலைப் பங்கிட்டு வாழ்ந்தது இவரோடுதான். முகம் என்று எதையோ கற்பனை செய்து வைத்திருந்தேன், அது இப்படி இல்லை. உள்ளே வரச் சொன்னேன். கட்டிலில் உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே இருந்தார்.

"மாதேஷ்" என்று ஆரம்பித்தேன்.

"முருகேஷ் சார்" என்றார், தணிந்த குரலில். யாரும் இல்லையே, நமக்குள் என்ன என்றேன். "ஒரு எடத்துல ஒண்ணு, இன்னொரு எடத்துல ஒண்ணுன்னா வாய் தவறிடும் சார். வீட்லயும் அப்படியே கூப்புடச் சொல்லிட்டன்."

காப்பி நன்றாக இருந்தது என்றார். களியை மென்றீர்களாமே என்று கேட்டுச் சிரித்தார். இனி என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மாந்தோப்பு இருக்கிறது, முருகேஷ் பார்த்துக்கொண்டிருந்த வேலைதானே என்றார். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன், தம்பி ஊருக்கு வந்து பார்ப்பானா என்று.

"அண்ணன் சார்" என்று திருத்தினார். "அவனுக்கு லீவு கெடைக்காது. இப்பத்தான் பெர்மனென்ட் ஆயிருக்கறான்."

வெளியே, குழாயடியிலிருந்து முனிரத்னம்மா குரல் கொடுத்தார். "முருகேசு, டீ போடட்டுமா?"

ஊன்றுகோல் திரும்புவதற்கு முன்பே தலை திரும்பிவிட்டது. "போடுங்கக்கா" என்றார்.